"இன்னைக்குத் தட்டை ரோடுதாண்ணே": டூர் டி பிரான்ஸ் பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலை பிறந்தால் மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் புதிதாகச் சில இளைஞர்களாவது டூர் டி பிரான்ஸ் என்ற மூன்று வார சைக்கிள் பந்தயத்தைப் பார்க்க உட்கார்ந்துவிடுகிறார்கள். பிரான்ஸில் மாலை 5, 5:30-க்கு ஸ்டேஜ், அதாவது அன்றைய நாளின் ஓட்டம், முடியும்போது நமக்கு இரவு 8:30, 9 மணி. சோற்றுத் தட்டும் கைபேசியுமாகப் பார்க்க வசதியான நேரம்தான். பார்த்துவிட்டு மறுநாள் டீக்கடையில் நடக்கும் வாதத்தில்தான் கோளாறு. வருஷா வருஷம் அதே தவறுகள், ஆள் மட்டும் புதிது.

மஞ்சள் ஜெர்சி யாருக்கு, பச்சை எதற்கு, சிவப்புப் புள்ளி போட்ட ஜெர்சி மலைக்கா என்பதெல்லாம் இரண்டு நாள் பார்த்தால் தானே பிடிபட்டுவிடும். ஒரு ஸ்டேஜ்கூட ஜெயிக்காமல், எல்லா நாள் நேரத்தையும் கூட்டிய கணக்கில் டூரையே வெல்லலாம் என்பதும் அப்படித்தான். 1990-இல் கிரெக் லெமோண்டும் 2017-இல் கிறிஸ் ஃப்ரூமும் அப்படி வென்றவர்கள். அவற்றை விட்டுவிட்டு, பல வருஷம் பார்த்தவர்களும் விடாமல் செய்கிற தவறுகளுக்கு வருவோம்.

இடைவெளியைக் கண்ணால் அளப்பது

திரையில் 1 நிமிடம் என்று காட்டும். அது தூரமல்ல, நேரம். தட்டையான சாலையில் 50 கி.மீ. வேகத்தில் போகையில் 1 நிமிடம் என்றால் ஏறக்குறைய 830 மீட்டர். மலையில் 20 கி.மீ. வேகத்தில் ஏறும்போது அதே 1 நிமிடம் 330 மீட்டர்தான். முன்னால் போகிறவரின் முதுகு பின்னால் வருகிறவருக்குத் தெரிந்துவிடும் தூரம். உடனே "பிடிச்சுட்டான், பிடிச்சுட்டான்" என்று கூச்சல் கிளம்பும். முதுகு தெரிவதற்கும் பிடிப்பதற்கும் நடுவே அந்த 1 நிமிடம் அப்படியே நிற்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. தட்டைப் பகுதியில் முன்னால் ஓடிவிட்ட நாலைந்து பேருக்கு 5 நிமிட முன்னிலை இருந்தால், இனி பிடிக்க முடியாது என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். பெலட்டான், அதாவது பின்னால் வரும் பெருங்கூட்டம், முழு மூச்சாகத் துரத்தினால் 10 கி.மீ.க்கு 1 நிமிடம் குறைக்கும் என்பது பழைய கணக்கு. 60 கி.மீ. மீதி இருந்து 5 நிமிடம் முன்னிலை என்றால் கூட்டம் அவசரப்படவே தேவையில்லை. 30 கி.மீ.தான் மீதி என்றால் அதே 5 நிமிடம் பெரிய சொத்து. முன்னிலையை மட்டும் சொல்லிவிட்டு மீதித் தூரத்தைச் சொல்லாதவரோடு வாதாடிப் பயனில்லை.

தட்டையான ஸ்டேஜ் என்று தூங்கப் போவது

மற்றதை எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். இதைப் பொறுக்க முடியவில்லை. "இன்னைக்குத் தட்டை ரோடுதாண்ணே, கடைசி அஞ்சு கிலோமீட்டர் பாத்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அன்றைக்குத்தான் பக்கக் காற்றில் பெலட்டான் மூன்றாகக் கிழியும். டூரை வெல்லக்கூடியவர் ஒருவர் ஒன்றரை நிமிடம் இழப்பார். மறுநாள் வந்து "ஏன் பின்தங்கினான், காலில் பலம் இல்லையா, டீம் கைவிட்டுவிட்டதா" என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். காற்று என்ற சொல் யார் வாயிலும் வராது. வேறு ஊரில் என்றால் மன்னிக்கலாம். காற்று பலத்தால் பாலத்தில் ரயிலையே நிறுத்திவைக்கும் பாம்பனில், எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் கடல் கொந்தளிக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கரையில் இப்படிப் பேசலாமா?

2015 டூரின் இரண்டாவது ஸ்டேஜை எடுத்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்தில் உட்ரெக்ட்டில் தொடங்கி, கடலில் அணைக்கட்டுக்காக உண்டாக்கிய நீல்ட்யே யான்ஸ் என்ற செயற்கைத் தீவில் முடிந்தது. 166 கி.மீ., மலை என்று எதுவுமே இல்லை. மழையும் கடற்காற்றும் சேர்ந்து அடித்ததில் கூட்டம் உடைந்தது. டூரை வெல்லக்கூடியவர்களில் ஃப்ரூமும் கொன்டடோரும் முன்குழுவில் இருந்தார்கள். நைரோ குயின்டானாவும் முந்தைய ஆண்டு வென்ற நிபாலியும் பின்னால் மாட்டிக்கொண்டு 1 நிமிடம் 28 வினாடி இழந்தார்கள். மூன்று வாரம் கழித்து பாரிஸில் ஃப்ரூம் வென்றது குயின்டானாவைவிட 1 நிமிடம் 12 வினாடி முன்னால்.

இன்றும் அந்த டூரைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் ஆல்ப் டூயஸ் மலைக்குத்தான் போகிறார்கள். 20-ஆவது ஸ்டேஜில் அங்கே குயின்டானா ஃப்ரூமை 1 நிமிடம் 20 வினாடி பின்தள்ளினார். "இன்னும் கொஞ்சம் முன்னாடியே அடிச்சிருந்தா ஜெயிச்சிருப்பான்" என்பது வழக்கமான வாதம். அடித்திருக்கலாம், உண்மைதான். ஆனால் மலையில் எடுத்ததைவிடக் கூடுதலாக அவர் விட்டது கடல் மட்டத்தில், இரண்டாம் நாளே. அன்று முன்குழுவில் இருந்திருந்தால் டூரே அவருடையது என்றும் அடித்துச் சொல்ல முடியாது. முன்னிலை குறைந்திருந்தால் ஃப்ரூமின் அணியும் வேறு மாதிரி ஓட்டியிருக்கும். ஆனால் அந்த ஸ்டேஜைப் பேசாமல் 2015-ஐப் பேசவே கூடாது.

காற்று எப்படி வெட்டுகிறது என்பதைப் புரிந்துகொள்ள தனுஷ்கோடி சாலை போதும். ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை நோக்கிச் சாலை தென்கிழக்காக ஓடுகிறது. ஆனி, ஆடியில் காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. அதாவது போகும்போது வலது தோளில் நேர் குறுக்காக அறையும். கடைசிப் பகுதியில் இரண்டு பக்கமும் கடல், தடுக்க வீடும் கிடையாது மரமும் கிடையாது.

எதிர்காற்றில் ஒருவருக்கு நேர் பின்னால் ஒட்டிப் போனால் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். காற்று வலப்பக்கமிருந்து வந்தால் காற்றுப் படாத அந்த ஒதுக்கிடம் நேர் பின்னால் இருக்காது, இடப்பக்கம் சாய்ந்து பின்னால் விழும். ஆகவே முதல் ஆள் சாலையின் வலது விளிம்பைப் பிடிப்பார். இரண்டாமவர் தன் முன்சக்கரத்தை முதலாமவரின் பின்சக்கரத்துக்கு இடப்புறம் கொண்டுவருவார், மூன்றாமவர் இன்னும் இடப்புறம். இப்படிச் சாய்வாக விரிந்த வரிசைக்குத்தான் எச்சலான் என்று பெயர். மேலே ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தால் விசிறி விரித்ததுபோல் இருக்கும்.

சாலை எவ்வளவு அகலமோ அவ்வளவு பேருக்குத்தான் இடம். சாலை குறுகினால் பத்துப் பன்னிரண்டு பேரோடு சரி. அடுத்து வருகிறவருக்குச் சாய்ந்து நிற்கச் சாலை மிச்சமில்லை. இடது ஓரத்தில், ஒருவர் பின் ஒருவராக, காற்று முழுவதையும் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு ஓட்ட வேண்டும். அந்த ஓர வரிசையில் யாராவது ஒருவர் ஒரு சைக்கிள் நீளம் விட்டுவிட்டால் அந்த இடைவெளியை அடைக்க முடியாது. அவருக்குப் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் அவரோடு போனார்கள். மலையில் பலம் குறைந்தவர் மட்டும்தான் பின்தங்குவார். காற்றில், பலசாலியும் தனக்கு முன்னால் இருந்த பலவீனனால் பின்தங்குவார். நல்ல அணிகள் ஆபத்தான வளைவு வருவதற்குப் பல கிலோமீட்டர் முன்பே தலைவனை முதல் 20 இடத்துக்குள் கொண்டுவந்து நிறுத்துவது இதனால்தான்.

2013-இல் 13-ஆவது ஸ்டேஜ், டூர் நகரிலிருந்து சான்-தமான்-மோன்ட்ரோன் வரை, 173 கி.மீ. மொத்தத்தில் இரண்டாவது இடத்தில் இருந்த வால்வெர்டேக்குப் பின்சக்கரம் உடைந்தது. சாதாரண நாளில் சக்கரத்தை மாற்றிக்கொண்டு கூட்டத்தில் வந்து சேர்ந்துவிடுவார். அன்று காற்றில் முன்னால் இருந்தவர்கள் வேகத்தைக் குறைக்கவே இல்லை. கிட்டத்தட்ட 10 நிமிடம் போய்விட்டது. அதே ஸ்டேஜின் கடைசி 30 கி.மீ.யில் கொன்டடோரின் அணி திடீரென்று வேகமெடுத்து முன்னால் உடைத்துக்கொண்டு போக, மொத்தத்தில் முதலிடம் என்பதால் மஞ்சள் ஜெர்சியில் இருந்த ஃப்ரூமே 1 நிமிடம் 9 வினாடி இழந்தார். சக்கரம் உடைந்தது விதி எனலாம். கொன்டடோரின் அணி வேகமெடுத்தது விதியல்ல, திட்டம். இரண்டையும் "துரதிர்ஷ்டம்" என்று ஒரே பையில் போடுவது பெரிய பிழை.

இழந்தவர் கதை முடிந்தது என்பதும் இல்லை. 2020-இல் லாவூர் ஸ்டேஜில் பொகாச்சர் 1 நிமிடம் 21 வினாடி காற்றில் விட்டார். ஆனாலும் 20-ஆவது ஸ்டேஜான டைம் டிரையலில், அதாவது ஒவ்வொருவரும் தனித்தனியாக நேரத்தோடு ஓட்டும் நாளில், ரோக்லிச்சிடமிருந்து மஞ்சளைப் பறித்து 59 வினாடியில் டூரை வென்றார்.

ஆகவே ஸ்டேஜ் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இது. பாதை வரைபடத்தைத் திறந்து கடைசி 60 கி.மீ.யில் சாலை எந்தத் திசையில் ஓடுகிறது, எங்கே திரும்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கே பிற்பகல் 3 முதல் 5 மணி வரையிலான காற்றைப் பாருங்கள், நம் நேரம் 6:30 முதல் 8:30. காற்றின் திசை என்று சொல்வது அது புறப்படும் திசையை. வாடை வடக்கிலிருந்து வருவது என்று நன்றாகத் தெரிந்தவர்கள்கூடச் செயலியில் அம்புக்குறியைப் பார்த்ததும் தலைகீழாகப் படிக்கிறார்கள். காற்று 30 கி.மீ.க்கு மேல், சாலைக்குக் குறுக்காக அல்லது பின்பக்கம் சாய்ந்து குறுக்காக, வயல்வெளியோ கடலோரமோ ஆகிய திறந்த இடம்: இந்த மூன்றும் சேர்ந்தால் அன்று எழுந்து போகாதீர்கள். காட்டுப் பகுதி முடியும் இடம், ஊருக்குள்ளிருந்து வெளியேறும் இடம், 90 பாகை வளைவு ஆகியவைதான் வெடிக்கும் இடங்கள். ஒரே நிற ஜெர்சிகள் ஏழெட்டு முன்னால் திரள்வதும், கூட்டம் நூல்போல் நீள்வதும் முன்னறிகுறி.

உடம்பில் உணர்ந்து பார்க்க விரும்பினால் மூன்று பேர், 25 கி.மீ. வேகம் போதும். வண்டி நடமாட்டம் குறைந்த காலை நேரத்தில், அரிச்சல்முனை நோக்கிப் போகும்போது மட்டும். முதல் ஆள் நடுக்கோட்டுக்கு இப்பால், மூன்றாமவர் இடது ஓரத்தில், எல்லாரும் நம் பாதிச் சாலைக்குள். இரண்டாமவர் மெல்ல இடப்புறம் நகர்ந்துகொண்டே வந்தால் காதில் இரைச்சல் சட்டென்று குறையும் இடம் ஒன்று வரும். அதுதான் ஒதுக்கிடம். சக்கரத்தோடு சக்கரம் இணைந்து நிற்பதால் முன்னவர் சற்றே விலகினாலும் பின்னவர் விழுவார். சாலையில் மணல் ஏறிக் கிடக்கும் இடத்தில் வரிசையைக் கலைத்துவிடுங்கள். திரும்பும்போது இதைச் செய்யவே கூடாது. காற்று இடப்பக்கம் மாறிவிடும், வரிசை வலப்புறம் விரியும், கடைசி ஆள் எதிரே வரும் வேனுக்கு நேராகப் போய் நிற்பார்.

90-ஆவதாக வந்தவரை இளப்பமாகப் பேசுவது

அணிக்கு 8 பேர். அதில் ஒருவருக்காக மீதிப் பேர் காற்றை வாங்குகிறார்கள், அணியின் காரிலிருந்து தண்ணீர் பாட்டில்களை ஜெர்சிக்குள் திணித்துக்கொண்டு வந்து கொடுக்கிறார்கள், தலைவனின் சக்கரம் பழுதானால் தன் சக்கரத்தையே கழற்றித் தருகிறார்கள். வேலை முடிந்ததும் மெதுவாக ஏறி நேர வரம்புக்குள் வந்து சேர்ந்தால் போதும், மறுநாளைக்குப் பலத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். முடிவுப் பட்டியலைப் பார்த்து இவர்களை மதிப்பிட முடியாது. 100 கி.மீ. மீதி இருக்கும்போது கூட்டத்தின் முன்னால் யார் இழுக்கிறார் என்று பாருங்கள்.

கடைசி 3 கி.மீ. விதியை எல்லா நாளும் பேசுவது

கடைசி 3 கி.மீ.க்குள் விழுந்தாலோ சைக்கிள் பழுதானாலோ அப்போது எந்தக் குழுவில் இருந்தாரோ அந்தக் குழுவின் நேரமே கிடைக்கும். சில ஸ்டேஜ்களில் இந்த எல்லையை 5 கி.மீ. வரை நீட்டவும் இப்போது இடம் உண்டு. மலை உச்சியில் முடியும் ஸ்டேஜுக்கும் டைம் டிரையலுக்கும் இது கிடையாது. காற்றில் பின்தங்கியவருக்கும் கிடையாது.

ஆண்டுகளைத் தாண்டி மலையேற்ற நேரத்தை ஒப்பிடுவது

பின்காற்றா எதிர்காற்றா என்று சொல்லாமல் ஒப்பிடாதீர்கள்.

வேகமாகப் போனவரை எல்லாம் ஊக்கமருந்து என்பது

லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் 7 டூர் பட்டங்கள் 2012-இல் ஆதாரத்தோடு பறிக்கப்பட்டன. ஆதாரம் இருந்தால் பேசுங்கள்.

போனஸ் வினாடியைக் கணக்கில் சேர்க்காதது

சாதாரண ஸ்டேஜில் முதல் மூன்று பேருக்கு 10, 6, 4 வினாடி மொத்த நேரத்திலிருந்து கழியும். டைம் டிரையலில் இல்லை. ஸ்ப்ரின்ட்டில், அதாவது முடிவுக் கோட்டை நோக்கிய கடைசிப் பாய்ச்சலில், மூன்றாவது வந்தவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை, பேச வேண்டும். 2015-இல் அதே கடற்காற்று ஸ்டேஜை ஆந்த்ரே கிரைப்பல் வென்றார். மூன்றாவதாக வந்தவர் கான்செல்லாரா. கோட்டருகே கேவன்டிஷைத் தாண்டி அந்த இடத்தைப் பிடித்தார். முதல் நாள் டைம் டிரையலில் டோனி மார்ட்டினைவிட அவர் 1 வினாடி பின்னால். 4 வினாடி கழிந்ததும் 3 வினாடி முன்னால் வந்து மஞ்சள் ஜெர்சியைப் போட்டுக்கொண்டார். கேவன்டிஷ் ஓடியது மார்ட்டினின் அணிக்காக. கேவன்டிஷ் மூன்றாவது இடத்தை விடாமல் இருந்திருந்தால் அன்று மஞ்சள் மார்ட்டினுக்குப் போயிருக்கும்.