எடையைக் கூட்டிப் பார்க்காமல் நெடும்பயண வண்டி வாங்காதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி புது பிக்கப்பைக் கொண்டுவந்து காட்டினான். கூரையில் கூடாரம், முன்னால் இரும்பு பம்பர், சேற்றில் சிக்கினால் வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச், நாலு டீசல் கேன். "எப்படிண்ணே இருக்கு?" என்றான். எவ்வளவு எடை தாங்கும் என்று கேட்டேன். குதிரைத்திறனைச் சொன்னான். ஒரு காலத்தில் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நெடும்பயண வண்டி வாங்குபவர்கள் செய்யும் தவறுகளில் சர்வீஸ் பார்க்காமல் வாங்குவது, துருவைக் கவனிக்காதது எல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுவிடுகிறேன்.

எடையைக் கூட்டிப் பார்க்காதது

வண்டியும் சுமையும் சேர்ந்து இருக்கலாம் என்று கம்பெனி சொல்லும் உச்ச எடையில் வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் வருவதுதான் உங்களுக்கான பங்கு. இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வெறும் எடையில் சிலர் முழு டாங்க் டீசலைச் சேர்த்திருப்பார்கள், சிலர் 75 கிலோ டிரைவரையும் சேர்த்திருப்பார்கள், சிலர் இரண்டையும் சேர்த்திருக்க மாட்டார்கள்.

இப்போது கூட்டுங்கள். ஆள் இருவர் 150 கிலோ. தண்ணீர் 60 லிட்டர், 60 கிலோ. கூடுதல் டீசல் 80 லிட்டர், ஏறக்குறைய 67. கூடாரம் 60. பம்பரும் வின்ச்சும் 100. இரண்டாவது ஸ்டெப்னி 35. பேட்டரி 25, ஃபிரிட்ஜ் 40, கருவிகள் 40, பின்னால் இழுப்பறைகள் 60. 637 கிலோ ஆயிற்று. துணிமணி, அரிசி பருப்பு இன்னும் ஏறவில்லை. பல மூடிய வண்டிகளின் மொத்தப் பங்கே 600, 700 கிலோதான்.

நான் இதைச் செய்யவில்லை. பின்பக்கம் தாழ்ந்தது, ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப்பை வைத்தேன். வண்டி நிமிர்ந்து நின்றது, எனக்கும் திருப்தி. அலை அலையாகக் கிடந்த மண் சாலையில் மூன்றாம் நாள் காலை, கேபினுக்கும் பின்தொட்டிக்கும் நடுவே மேலே இரண்டு விரல் நுழைந்தது, கீழே ஒன்றுகூட நுழையவில்லை. சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், வளைந்துவிட்டது! ஸ்பிரிங் பட்டைகளின் இரு முனைகளிலும் பிரிந்து இறங்க வேண்டிய பாரத்தைக் காற்றுப்பை நடுவில் ஒரே இடத்தில் இறக்கியிருந்தது. போதாததற்கு ஸ்டெப்னியையும் கேன்களையும் பின் அச்சுக்கு வெளியே தொங்கவிட்டிருந்தேன். நெம்புகோல் மாதிரி வேலை செய்தது. பயணம் அங்கேயே முடிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

அதனால் முதலில் சாமான் பட்டியல், அப்புறம் வண்டி. வாங்கியபின் முழுச் சுமையோடு எடைமேடையில் ஏற்றி, முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். ஸ்பிரிங்கை மாற்றினால் மட்டும் அச்சும் பிரேக்கும் தாங்கும் அளவு கூடிவிடாது.

பெயரை நம்பி வாங்குவது

டொயோட்டாவின் லேண்ட் குரூசர் 70 வரிசை 1984 முதல் வருகிறது. பல நாடுகளில் உதிரி பாகம் கிடைக்கிறது. ஆனால் ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு வேறு எஞ்சின். போகும் வழியில் ஓடுவது எந்த எஞ்சின் என்று விசாரியுங்கள்.

டீசல்

யூரோ 5, 6 என்ற ஐரோப்பியப் புகை விதிகளுக்கு ஏற்ற எஞ்சின்கள் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) கந்தகம் உள்ள டீசலுக்காகச் செய்யப்பட்டவை. கந்தகம் அதிகமுள்ள டீசலே கிடைக்கும் நாடுகளில் புகை வடிகட்டி தொல்லை கொடுக்கும்.

டயர்

வழியில் விற்காத அளவு வேண்டாம்.

வண்டியை உயர்த்துவது

முதல் பயணம் முடியட்டும், அப்புறம் யோசிக்கலாம்.

அந்தத் தம்பி நேற்று எடைமேடைச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினான். 210 கிலோ அதிகம். அதுவும் டீசல் கேன்கள் காலியாம்.