ஒரு ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டை வைத்து செல்லைப் படிப்பது எப்படி

செல் உயிரியல் படிக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் பாடப்புத்தகத்தில் இருக்கும் செல்லின் படத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். நடுவில் உட்கரு, பக்கத்தில் மைட்டோகாண்ட்ரியா, ஓரத்தில் கோல்கை உறுப்பு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கோடு, கோட்டின் முனையில் ஒரு பெயர். பெயர்கள் ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். ஆனால் வயிற்றுப்போக்கு வந்தால் ஏன் உப்போடு சர்க்கரையும் சேர்த்துக் குடிக்கச் சொல்கிறார்கள் என்று வீட்டில் யாராவது கேட்டால், அந்தப் படத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் பதில் வராது. அதனால் நான் சொல்வது இதுதான்: உட்கருவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் செல் சவ்வைப் பிடியுங்கள். எது உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது, அதற்கான ஆற்றலை யார் கொடுக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளோடு போனால் மற்ற உறுப்புகள் தாமாகவே ஒவ்வொன்றாக வந்து சேரும்.

தேவையானவை குறைவு. இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு பீட்ரூட், கருஞ்சிவப்பு நிறமுள்ள ஒரு பெரிய வெங்காயம், உப்பு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ் பாக்கெட் ஒன்று (வயிற்றுப்போக்கின்போது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்). பள்ளி ஆய்வகத்தில் நுண்ணோக்கி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி சுமார் 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும், வெங்காயச் செல்லுக்கு அது தாராளமாகப் போதும். ரத்தத்தை வைத்து வீட்டில் எதுவும் செய்ய வேண்டாம், இந்தப் பாடத்துக்கு அது தேவையும் இல்லை.

பீட்ரூட்டில் தொடங்குங்கள். தோல் சீவி, சின்னத் துண்டுகளாக நறுக்கி, சாயம் இறங்குவது ஏறக்குறைய நிற்கும் வரை குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள் (கத்தி பட்டு உடைந்த செல்களின் சாயம் அது, அதைப் போக்கிவிட வேண்டும்). பிறகு பாதித் துண்டுகளைச் சாதாரணத் தண்ணீரிலும் மீதியைக் கொதிக்கவைத்து இறக்கிய தண்ணீரிலும் போட்டு, கால் மணி நேரம் விடுங்கள். சாதாரணத் தண்ணீர் லேசாகத்தான் நிறம் மாறும். சூடான தண்ணீர் அடர் சிவப்பாகிவிடும். சாயம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். சூட்டில் குலைந்தது சவ்வு. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நின்று, நடுநடுவே புரதங்களைச் செருகி வைத்திருக்கும் அந்தச் சவ்வின் தடிமன் 7 முதல் 10 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை ஒரு லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு 10 நானோமீட்டர். பள்ளி நுண்ணோக்கியில் இந்தத் தடிமன் ஒருநாளும் தெரியாது, அது இருப்பதை அதன் வேலையை வைத்துத்தான் அறிய முடியும். இதைச் செய்து பார்த்தவர்களுக்குச் சவ்வு என்பது வெறும் எல்லைக்கோடாகத் தோன்றாது.

அடுத்து உருளைக்கிழங்கு. ஒரே நீளம், ஒரே தடிமனில் விரல் போல நறுக்கி, ஒன்றை வெறும் தண்ணீரிலும் இன்னொன்றை 100 மில்லி தண்ணீருக்கு 5 கிராம் உப்பு போட்ட கரைசலிலும் இரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். எடுத்து வளைத்துப் பாருங்கள். தண்ணீரில் இருந்தது விறைப்பாக நிற்கும், உப்பில் இருந்தது துவண்டுவிடும். சமையலறைத் தராசு இருந்தால் முன்னும் பின்னும் எடை போடுங்கள், ஒன்று கூடியிருக்கும், மற்றது குறைந்திருக்கும். தண்ணீர் சவ்வைக் கடந்து எளிதாகப் போகிறது, உப்பு அப்படிப் போக முடிவதில்லை. ஆகவே கரைபொருள் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் நகர்கிறது. சவ்வூடு பரவல் என்று பாடப்புத்தகத்தில் வருவது இதுதான். கொஞ்சம் பொறுமை இருந்தால் உப்பை அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு கிராம் என்று மாற்றிப் போட்டு, எந்தக் கரைசலில் எடை கூடாமலும் குறையாமலும் நிற்கிறது என்று தேடுங்கள். செல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் சமமாக இருக்கும் அளவை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று பொருள், தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக வரும் விஷயம் கையில் இருக்கிறது.

இப்போது அதே காட்சியை ஒரு செல்லுக்குள் பார்க்கலாம். வெங்காயத்தின் சதைப்பற்றான அடுக்கு ஒன்றை எடுத்து, நிறம் இருக்கும் வெளிப்பக்கத்திலிருந்து மெல்லிய தோலை உரியுங்கள். உட்பக்கத் தோல் சுலபமாக உரியும், ஆனால் அதில் நிறம் இருக்காது, அதற்கு அயோடின் அல்லது சஃப்ரனின் சாயம் போட வேண்டியிருக்கும். வெளித்தோலுக்குச் சாயமே வேண்டாம். ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீர், அதன் மேல் சுருக்கமில்லாமல் தோல், அப்புறம் கவர் ஸ்லிப்பை ஊசியால் தாங்கி ஒரு பக்கம் சாய்த்து மெதுவாக இறக்க வேண்டும். படக்கென்று போட்டால் காற்றுக் குமிழ் மாட்டிக்கொள்ளும். கருப்பு விளிம்போடு வட்டமாகத் தெரியும் அந்தக் குமிழைத்தான் பலரும் செல் என்று வரைந்துவிடுகிறார்கள். முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் தேடிப் பிடித்து, அப்புறம் கூட்டுங்கள். செங்கல் அடுக்கியது போன்ற வரிசையில் ஊதா நிறச் செல்கள் தெரிந்ததும், கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் அந்த 5 சதவீத உப்புக் கரைசலை ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூ பேப்பரை வைத்து உறிஞ்ச விடுங்கள். கண்ணை எடுக்காமல் பாருங்கள். சில நிமிடங்களில் ஊதா நிறம் சுவரை விட்டு விலகி உள்ளே சுருங்கும். செல் சுவர் அசையாமல் நிற்கும், சவ்வு மட்டும் உள்ளடக்கத்தோடு விலகிப் போகும். கண்ணுக்குத் தெரியாத சவ்வு எங்கே இருக்கிறது என்று இப்போது அந்த நிறத்தின் ஓரம் காட்டிக்கொடுக்கிறது. மறுபடி வெறும் தண்ணீரை விட்டால் மெல்ல விரிந்து பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பவில்லை என்றால் செல் இறந்துவிட்டது, புதிய தோல் எடுங்கள்.

தாவரச் செல்லுக்குச் சுவர் இருப்பதால் வெறும் தண்ணீரில் எவ்வளவு வீங்கினாலும் வெடிப்பதில்லை. நம் செல்களுக்கு அந்தச் சுவர் கிடையாது. ரத்தச் சிவப்பணுவைச் சுத்தமான தண்ணீரில் விட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து உடைந்துபோகும். உப்பு அதிகமான கரைசலில் விட்டால் சுருங்கிவிடும். மருத்துவமனையில் ஏற்றும் சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம் என்று அச்சடித்திருப்பதற்கு இதுதான் காரணம். ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அந்த அளவில் சிவப்பணு தன் வடிவத்தில் இருக்கும்.

சரி, சுவர் இல்லாத செல் தன்னை எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறது? இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள், பாடம் முழுக்கத் திறப்பது இங்கேதான். நம் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் சோடியம்-பொட்டாசியம் பம்ப் என்ற புரதம் இருக்கிறது. செல்லுக்கு ஆற்றல் கொடுக்கும் ஏ.டி.பி என்ற மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். ஓயாமல் இதைச் செய்வதால் ரத்தத்தில் லிட்டருக்கு சுமார் 140 மில்லிமோல் இருக்கும் சோடியம், செல்லுக்குள் 10, 15 என்ற அளவில்தான் இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கோவ் நண்டின் நரம்பை வைத்து 1957இல் இதைக் கண்டறிந்தார், 1997இல் நோபல் பரிசு பெற்றார். நாம் சும்மா படுத்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு பம்புக்கே போகிறது. மைட்டோகாண்ட்ரியாவை "செல்லின் ஆற்றல் நிலையம்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோமே, அந்த ஆற்றல் எங்கே போகிறது என்றால் கணிசமான பங்கு இங்கே போகிறது. வெளியே சோடியம் அதிகம், உள்ளே குறைவு, ஆக எந்தச் சின்ன வழி கிடைத்தாலும் சோடியம் உள்ளே இறங்கப் பார்க்கும், மேட்டில் தேக்கிய தண்ணீர் மடை திறந்தால் பாய்வது போல. அந்தப் பாய்ச்சலைப் பயன்படுத்தித்தான் செல் வேறு பல வேலைகளைச் செய்துகொள்கிறது.

ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டை இப்போது எடுங்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட் என்றால் பின்பக்கம் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் என்று இருக்க வேண்டும். குடித்ததும் இது சிறுகுடலின் உள்சுவரில் இருக்கும் செல்களுக்கு வருகிறது. அந்தச் செல்லின் குடல் பக்கச் சவ்வில் எஸ்.ஜி.எல்.டி-1 என்ற புரதம் இருக்கிறது. 2 சோடியமும் 1 குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது இரண்டையும் உள்ளே கொண்டுபோகும். சோடியத்தின் பாய்ச்சல்தான் குளுக்கோஸை இழுத்துச் செல்கிறது. உள்ளே வந்த சோடியத்தை ரத்தப் பக்கம் இருக்கும் பம்ப் வெளியேற்றுகிறது, குளுக்கோஸ் வேறொரு புரதம் வழியாக ரத்தத்துக்குப் போகிறது, இவை இரண்டும் போன திசையில் தண்ணீரும் பின்தொடர்கிறது. உருளைக்கிழங்கில் பார்த்த அதே விதி. சர்க்கரை எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இதுதான்: சத்துக்காக என்பதை விட, சோடியத்தை உள்ளே கொண்டுபோவதற்காக.

இந்த ஏற்பாட்டை அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960இல் பிராகில் நடந்த அறிவியல் கூட்டத்தில் முன்வைத்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் கொல்கத்தாவில் மருத்துவ ஆய்வாளர் சம்பு நாத் டே, காலராக் கிருமி வெளியிடும் நச்சுதான் குடலில் நீரைக் கொட்ட வைக்கிறது என்று முயலின் குடலில் சோதித்துக் காட்டியிருந்தார். அந்த நச்சு குடல் செல்லுக்குள் புகுந்து, குளோரைடு வெளியேறும் வழியைத் திறந்தபடியே நிறுத்திவிடுகிறது. குளோரைடைத் தொடர்ந்து சோடியமும் தண்ணீரும் குடலுக்குள் கொட்டும். சோடியம் தனியாக உள்ளே வரும் வழியையும் அது கெடுக்கிறது, ஆனால் குளுக்கோஸோடு சேர்ந்து வரும் வழியைத் தொடுவதில்லை. 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர ஊரான பன்காவில் அகதிகளிடையே காலரா பரவியபோது, ஏற்றுவதற்கு சலைன் தீர்ந்துபோன நிலையில் மருத்துவர் திலீப் மகலனோபிஸ் உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த நீரை டிரம்களில் வைத்துக் கொடுக்கச் செய்தார். நோயாளிகளின் உறவினர்களே மொண்டு கொடுத்தார்கள். இறப்பு விகிதம் 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. எத்தனையோ பெரிய கண்டுபிடிப்புகள் இருக்கலாம், ஒரு சவ்வுப் புரதத்தைப் பற்றிய அறிவு இவ்வளவு எளிய உருவில் இவ்வளவு உயிர்களைக் காத்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மெய்சிலிர்க்கிறது.

மனப்பாடம் செய்த பெயர்களை இப்போது வரிசையில் பொருத்துங்கள். எஸ்.ஜி.எல்.டி-1 எங்கிருந்து வந்தது? அதைச் செய்வதற்கான குறிப்பு உட்கருவில் டி.என்.ஏவில் இருக்கிறது. அதன் நகல் ஆர்.என்.ஏவாக வெளியே வருகிறது, எண்டோபிளாச வலையின் மேல் ஒட்டியிருக்கும் ரைபோசோம் அதைப் படித்துப் புரதத்தைக் கட்டுகிறது, கோல்கை உறுப்பு அதை முடித்துச் சின்னப் பையில் அடைத்துக் குடல் பக்கச் சவ்வுக்கு அனுப்புகிறது. பழசாகிச் சிதையும் புரதங்களைக் கரைக்க லைசோசோம். குடல் செல்லின் ஆயுளே மூன்று முதல் ஐந்து நாள்தான். உதிரும் செல்லுக்குப் பதில் அடியிலிருந்து புதுச் செல்கள் பிரிந்து மேலே வந்துகொண்டே இருக்கும், செல் பிரிதல் பாடத்தையும் இங்கேயே சேர்த்துப் படித்துவிடலாம். ஒரு வெள்ளைத் தாளில் குடல் ஒரு பக்கம், ரத்தம் மறுபக்கம், நடுவில் ஒரே ஒரு செல் என்று வரைந்து, இந்தப் பாதையை அம்புக்குறிகளால் போட்டுப் பாருங்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வரைய வேண்டும்.

பாக்கெட்டைக் கலக்கும் முறைக்கும் இதே பாடம்தான். ஒரு லிட்டருக்கு என்று எழுதியிருந்தால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் போட வேண்டும். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் உண்டு, அளவைப் படித்துவிட்டு வெட்டுங்கள். ஒரு தம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கலக்குவதும், குழந்தை குடிக்கட்டும் என்று சர்க்கரை கூட்டுவதும் ஆபத்து. சரியாகக் கலந்த கரைசலின் அடர்த்தி ரத்தத்தை விடச் சற்றுக் குறைவு, அதனால் தண்ணீர் உடம்புக்குள் போகும். அடர்த்தி கூடினால் உப்பில் துவண்ட உருளைக்கிழங்கின் கதைதான், தண்ணீர் உடம்பிலிருந்து குடலுக்குள் வந்து போக்கு கூடிவிடும். குளிர்பானம் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான், பலவற்றில் 100 மில்லிக்கு 10 கிராம் அளவில் சர்க்கரை இருக்கிறது, ஓ.ஆர்.எஸ்ஸில் 1.35 கிராம். கலந்ததை 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். பாக்கெட் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டருக்கு தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, குடிக்க முடியாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் இருந்தாலோ கரைசலோடு நிற்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இதை வரைந்து பழகியபின் அடுத்த செல்லுக்கு சிறுநீரகத்தை எடுங்கள். அங்கே எஸ்.ஜி.எல்.டி-2 என்று இதன் உறவுப் புரதம் ஒன்று இருக்கிறது. வடிகட்டப்பட்டு வரும் குளுக்கோஸில் சுமார் 90 சதவீதத்தை அது திரும்ப இழுத்து ரத்தத்துக்குக் கொடுக்கிறது. சர்க்கரை நோய்க்கு இப்போது பலரும் சாப்பிடும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் இந்தப் புரதத்தைத்தான் தடுக்கின்றன. அப்படித் தடுத்தால் குளுக்கோஸ் எங்கே போகும், சோடியம் எங்கே போகும், தண்ணீர் எந்தப் பக்கம் நகரும், அந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு ஏன் சிறுநீர் அதிகம் போகிறது? அதே மூன்று கேள்விகளோடு அந்தச் செல்லையும் ஒரு தாளில் வரையுங்கள்.