டேப்பை எடுக்கும் முன் லாக்கைப் பாருங்கள்

சம்பா அறுவடை நேரம். மன்னார்குடிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் எடைமேடை முன்னால் லாரிகள் வரிசை கட்டி நிற்க, காலை 11:13-க்கு நெல் வரவு டேட்டாபேஸ் இருந்த டேட்டா டிஸ்க் படுத்துவிட்டது. ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்து வைக்கும் லாக் ஃபைல் வேறு டிஸ்க்கில் சேதாரமில்லாமல்தான் இருந்தது. நான்தான் பதறிப்போய் நேரே பேக்கப் டேப்பைப் போட்டு ரீஸ்டோர் கொடுத்தேன். லாக்கின் வால் பகுதி, அதாவது கடைசி லாக் பேக்கப்புக்குப் பின் சேர்ந்தது, இன்னும் பேக்கப் ஆகவில்லை என்று டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் தடுத்தது. ‘ரீப்ளேஸ்’ போட்டு அதையும் தாண்டினேன். 11 மணி லாக் பேக்கப்புக்கு அப்புறம் ஏறிய 13 நிமிட நெல் வரவும் அத்தோடு போயிற்று. எடைச்சீட்டின் கார்பன் நகல் இருந்ததால் பிழைத்தோம். கிளார்க் அண்ணன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மறுபடி ஏற்றினார். டேட்டா ஃபைல் போனாலும் லாக் ஃபைல் உயிரோடு இருந்தால், ‘நோ ட்ரங்கேட்’ போட்டு அந்த வாலை முதலில் பேக்கப் எடுத்து வையுங்கள். டேப் எங்கும் ஓடிப்போகாது.

அடுத்தது, அவசரப்பட்டு டேட்டாபேஸைத் திறந்துவிடுவது. முழு பேக்கப்பை ‘நோரெக்கவரி’ போடாமல் ஏற்றினால் டேட்டாபேஸ் திறந்துகொள்ளும். அதன்மேல் ஒரு லாக்கும் ஏறாது. மறுபடி முதலிலிருந்து டேப்பை ஓட்ட வேண்டியதுதான். தவறுதலாக எதையாவது அழித்த கேஸ் என்றால் இன்னும் நிதானம் வேண்டும். “பத்தரை மணி இருக்கும் சார்” என்பார்கள். அதை நம்பி, அந்த நேரத்தோடு ரீஸ்டோரை நிறுத்தும் ‘ஸ்டாப்அட்’டில் 10:30 என்று கொடுக்காதீர்கள். ‘ஸ்டாண்ட்பை’யில் (படிக்க மட்டும் திறக்கும், மேலே லாக்கும் ஏறும்) ஒவ்வொரு லாக்காக ஏற்றி, நடுநடுவே திறந்து படித்துப் பார்த்து நகருங்கள்.

15 நிமிடத்துக்கு ஒரு லாக் பேக்கப் என்றால் ஒரு நாளைக்கு 96, எல்லாம் ஒரே சங்கிலி. நடுவில் ஒன்று தொலைந்தால் அதற்குப் பின்னால் உள்ளவை இருந்தும் பயனில்லை. இடையில் யாரோ முழு பேக்கப் எடுத்ததால் சங்கிலி அறுந்தது என்று பலர் சொல்வார்கள். அதனால் அறுவதில்லை. லாக் பெருத்து டிஸ்க் நிறைந்ததும் லாக்கைச் சேர்த்து வைக்காத ‘சிம்பிள்’ மோடுக்கு மாற்றி, இடத்தைக் காலி பண்ணி, திரும்ப ‘ஃபுல்’ ஆக்குவார்களே, அங்கேதான் அறுகிறது. அப்படிச் செய்தால் அன்றைக்கே ஒரு முழு பேக்கப் எடுத்துவிடுங்கள்.

டேப் விஷயத்தில் ஒன்றிரண்டு. எல்டிஓ என்பது பேக்கப் டேப்பின் ரகம், பக்கத்து எண் அதன் தலைமுறை. புது எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-7 டேப்பைப் படிக்கும், எல்டிஓ-6-ஐப் படிக்காது. பழைய டிரைவை எடைக்குப் போடும் முன் யோசியுங்கள். நம் டெல்டா ஈரக்காற்றில் சாதாரண பீரோவும் டேப்புக்கு ஆகாது. அதுவும் சர்வர் பக்கத்து பீரோ என்றால் கேட்கவே வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியது வேதாரண்யம் பக்கம்தான்; கூரை போனால் சர்வரும் டேப்பும் சேர்ந்தே நனையும்.

‘வெரிஃபை ஒன்லி’ ஓகே சொன்னதும் நிம்மதியாகிவிடாதீர்கள். பேக்கப் படிக்கிற நிலையில் இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும், உள்ளே இருக்கும் டேட்டாவுக்கு அது ஜவாப்தாரி ஆகாது. நான் இப்போது மாதம் ஒருமுறை ஒரு பழைய மெஷினில் முழுசாக ஏற்றி, டேட்டாபேஸில் பழுது உண்டா என்று பார்க்கும் ‘செக்டிபி’ ஓட்டி, கடைசி எடைச்சீட்டு நம்பரை கார்பன் நகலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நகலை நீட்டுவது அதே கிளார்க் அண்ணன்தான். “13 நிமிஷம் சரியா இருக்கா தம்பி?” என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்.