முகவரி ஆட்டோகம்ப்ளீட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாலு எழுத்து தட்டியதும் முகவரிப் பட்டியல் விரியும் ஆட்டோகம்ப்ளீட் வசதி வேண்டும் என்று இப்போது எல்லா இணையக் கடைக்காரர்களும் கேட்கிறார்கள். கூகுளின் இடத்தேடல் சேவையான பிளேசஸ் மாதிரி ஒரு ஏபிஐயை (வெளிச் சேவையை நம் தளத்தோடு பேசவைக்கும் இணைப்பை) இணைத்துவிடுவது எளிது. நம் ஊர் முகவரிகளோடு அதை ஒத்துப்போகச் செய்வதில்தான் உழைப்பு இருக்கிறது. அதைத்தான் பலரும் செய்யாமல் விடுகிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் அடுத்த பக்கம் என்று பூட்டிவைப்பது. சென்னையின் பல தெருக்களில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என இரண்டு உண்டு. கிராமத்தில் ‘மாரியம்மன் கோவில் எதிர்’ என்பதே தபால்காரருக்குப் போதுமான வழி. புது மனைப்பிரிவுகளில் தெருப்பெயர் வரைபடத்தில் ஏறியே இருக்காது. இவர்களிடம் போய் ‘சரியான முகவரியைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று சிவப்பு எழுத்தில் மறித்தால் என்ன செய்வார்கள்? பட்டியலில் தெரியும் பக்கத்துத் தெருவைத் தட்டிவிட்டு வேலையை முடிப்பார்கள். பிழையான முகவரி சரிபார்க்கப்பட்ட முகவரியாகவே டேட்டாபேசில் உட்கார்ந்துவிடும். கொரியர் திரும்பி வந்த பிறகும் காரணம் யாருக்கும் பிடிபடாது.

அதனால் ‘நானே எழுதுகிறேன்’ என்ற வழி எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கதவு எண்ணுக்கும் அடையாள இடத்துக்கும் தனித்தனிப் பெட்டி கொடுங்கள். ஒரே பெட்டியாக இருந்தால், எண்ணை முதலில் தட்டிவிட்டுப் பிறகு தெருவைத் தேர்ந்தெடுப்பவரின் எண்ணைப் பட்டியல் வரி அழித்துவிடுகிறது. ஒருவர் தன் வீட்டைப் பற்றித் தன் கையால் எழுதியதை மென்பொருள் கேட்காமல் திருத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த இந்த ஆறு இலக்கம் தபால் பிரிப்பதற்காகப் பிறந்தது. மாநில எல்லையை அது அப்படியே பின்பற்றுவதில்லை. 605 என்று தொடங்கும் எண்கள் புதுச்சேரியிலும் உண்டு, விழுப்புரத்திலும் உண்டு. காரைக்கால் 609, மாஹே கேரளத்தின் 673, ஏனாம் ஆந்திரத்தின் 533. நான்கும் ஒரே யூனியன் பிரதேசம்! முதல் மூன்று இலக்கத்தை வைத்து மாநிலத்தை ஊகித்தால் ஜிஎஸ்டி பில்லே தப்பாகிவிடும். தமிழ்நாட்டின் ஜிஎஸ்டி குறியீடு 33, புதுச்சேரியுடையது 34. கடலூரிலிருந்து விழுப்புரத்துக்கு விற்றால் சிஜிஎஸ்டியும் (மத்திய வரி) எஸ்ஜிஎஸ்டியும் (மாநில வரி). புதுச்சேரிக்கு விற்றால் எல்லை தாண்டும் விற்பனைக்கான ஐஜிஎஸ்டி. உங்கள் மாவட்டப் பட்டியல் பழையதாக இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்: 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், 2020இல் மயிலாடுதுறை என்று மாவட்டங்கள் இப்போது 38.

திருப்பத்தூர் என்றதும் இன்னொன்று. அதே பெயரில் சிவகங்கை மாவட்டத்திலும் ஓர் ஊர் இருக்கிறது. அண்ணா நகர் சென்னையிலும் மதுரையிலும் உண்டு. கைப்பேசித் திரையில் இடமில்லை என்று பட்டியல் வரியின் பின்பாதியை வெட்டிவிட்டால், எந்த அண்ணா நகர் என்று எப்படித் தெரியும்? வரி இரண்டாக மடிந்தாலும் பரவாயில்லை, ஊரும் மாவட்டமும் தெரியட்டும்.

எழுத்துக்கூட்டல் பற்றி அரசே பட்ட பாடு ஒன்று உண்டு. 2020இல் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டு, எதிர்ப்பு வந்ததும் சில நாளில் திரும்பப் பெற்றார்கள். ட்ரிச்சி, திருச்சி, திருச்சிராப்பள்ளி எதைத் தட்டினாலும் ஒரே ஊர் வர வேண்டும். தமிழில் தட்டுபவருக்கு வேறொரு சிக்கல்: ‘கோ’ என்பதன் துணையெழுத்தை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. உங்களிடம் சொந்தத் தரவு இருந்தால், சேமிக்கும்போதும் தேடும்போதும் இப்படிப் பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கோயம்புத்தூரே கிடைக்காமல் போகலாம்.

செலவுக்கு வருவோம். ஒவ்வொரு தட்டலுக்கும் சர்வருக்கு ஓடாமல், சுமார் 300 மில்லிசெகண்ட் பொறுத்து அனுப்புங்கள். கூகுளில், ஒரு தேடலின் கோரிக்கைகளை ஒன்றாகக் கட்டும் செஷன் டோக்கனை வைக்காவிட்டால் ஒவ்வொரு கோரிக்கையும் தனிக் கணக்கு. ஒரு தேடலின் டோக்கனையே அடுத்தடுத்த தேடல்களுக்கும் பயன்படுத்தினாலும் அதே கதிதான். இலவசம் என்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் பொது முகவரித் தேடல் சர்வரான நாமினாட்டிமை ஆட்டோகம்ப்ளீட்டுக்குப் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். அதன் விதிமுறை அதைத் தெளிவாகவே தடை செய்கிறது. தன்னார்வலர்கள் உழைப்பில் நிற்கும் சேவையை அப்படி வதைக்கக் கூடாது. தட்டத் தட்டத் தேடுவதற்கென்றே உள்ள ஃபோட்டான் என்ற மென்பொருளை உங்கள் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். பழைய கோரிக்கைக்கான பதில் தாமதமாக வந்து புதிய பட்டியலை மூடிவிடுவதும் அடிக்கடி நடக்கும். புதிய கோரிக்கை போகும்போதே பழையதை ரத்து செய்துவிடுங்கள்.

கடைசியாக, மவுஸ் இல்லாதவர்களை மறக்காதீர்கள். மேல், கீழ் அம்புக்குறிகளால் பட்டியலில் நகர முடிய வேண்டும். என்டர் தட்டினால் வரி தேர்வாக வேண்டும், ஃபாரமே சமர்ப்பிக்கப்பட்டுவிடக் கூடாது. திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்றவருக்குப் பட்டியல் விரிந்ததும் எந்த வரியில் நிற்கிறோம் என்பதும் காதில் விழ வேண்டும். அதற்கு வை-ஏரியா என்ற இணைய அணுகல்தன்மைத் தரத்தின் காம்போபாக்ஸ் (எழுதும் பெட்டியும் பட்டியலும் சேர்ந்தது) முறை எழுதியே வைக்கப்பட்டிருக்கிறது. நம் பட்டியல் அழகாகத் தெரிய வேண்டும் என்று பிரவுசரின் தானியங்கி நிரப்பலை அணைத்துவிடுவதும் வேண்டாம். கை நடுக்கம் உள்ளவருக்கு, ஏற்கெனவே சேமித்த முகவரி ஒரே தட்டலில் விழுவது உங்கள் பட்டியலைவிட எவ்வளவோ பெரிய உதவி.