தாவரச் சத்து மாத்திரை வாங்கும் முன் கல்லீரலையும் நினையுங்கள்

மாதுளை, பெர்ரிப் பழங்கள், பச்சைத் தேயிலை இவற்றிலுள்ள பாலிஃபீனால் என்ற தாவரச் சத்துகளில் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படுவதில்லை. பெருங்குடல் வரை போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள்தான் அவற்றை உடைத்து வேறு பொருளாக்குகின்றன. மாதுளையிலிருந்து யூரோலித்தின் என்ற பொருள் உருவாவது இப்படித்தான். அதற்கான பாக்டீரியா எல்லோர் குடலிலும் இருக்காது. அதனால் ஒருவருக்குக் கிடைக்கும் பலன் இன்னொருவருக்குக் கிடைக்காமல் போகலாம்.

குடலில் உறிஞ்சப்படுபவற்றில் பெரும்பாலானவை முதலில் சேருவது கல்லீரலில். அதற்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய 75 சதவீதம் குடல் பக்கமிருந்துதான் வருகிறது.

ஆகவே பழமாகவும் காயாகவும், பலவிதமாகச் சாப்பிடுங்கள். மாத்திரை வேறு விஷயம். பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரைகளில் ஈஜிசிஜி (பச்சைத் தேயிலையிலுள்ள ஒரு பாலிஃபீனால்) அளவு நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால் கல்லீரல் பாதிக்கப்படலாம் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம்.