தீர்க்கரேகையை 15-ஆல் வகுத்தால் நேரம் தெரியும்

ஓர் ஊரின் தீர்க்கரேகை எண்ணை 15-ஆல் வகுத்துப் பாருங்கள். கிரீன்விச் நேரத்திலிருந்து, அதாவது 0 டிகிரி தீர்க்கரேகை செல்லும் லண்டன் கிரீன்விச்சின் நேரத்திலிருந்து, அந்த ஊர் ஏறக்குறைய எத்தனை மணி நேரம் தள்ளி இருக்கிறது என்பது கிடைத்துவிடும். கிழக்கு என்றால் கூட்டுங்கள், மேற்கு என்றால் கழியுங்கள். டோக்கியோ 139.7 டிகிரி கிழக்கு, வகுத்தால் 9.3. அங்கே கடிகாரம் கிரீன்விச்சைவிட 9 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. மனக்கணக்குக்கு இது போதும்.

பூமி ஒரு சுற்று, அதாவது 360 டிகிரி, சுழல 24 மணி நேரம் ஆகிறது. அப்படியானால் மணிக்கு 15 டிகிரி, ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். அட்சரேகைக்கு இந்தக் கணக்கில் வேலையே இல்லை. கெய்ரோ வடக்கே 30 டிகிரி, டர்பன் தெற்கே 30 டிகிரி. ஆனால் இரண்டுமே கிழக்கே 31 டிகிரியில் இருப்பதால், கெய்ரோவில் கோடை நேரம் இல்லாத மாதங்களில் இரண்டு ஊரிலும் ஒரே மணிதான்.

சரி, எங்கே உதைக்கும்? கடிகாரத்தைச் சூரியன் அல்ல, அரசாங்கம் வைக்கிற இடங்களில். சீனா கிட்டத்தட்ட 60 டிகிரி அகலம், ஆனால் நாடு முழுக்க ஒரே நேரம். அதன் மேற்கு எல்லையில் இந்தக் கணக்கு மூன்று மணி நேரம் வரை பிசகும். ஸ்பெயினின் மாட்ரிட் கிரீன்விச்சுக்கு மேற்கே இருந்தும் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அப்புறம், கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் நாடுகளுக்கு அந்த ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விமானம் பிடிக்க இதை நம்பாதீர்கள்.