டேட்டாபேஸ் ஓடுகிறது, சரி. வேலை நடக்கிறதா? சொந்த க்வெரி எழுதிக் கண்காணிக்கும் முறை

ஒருநாள் காலை. போர்ட் திறந்திருக்கிறது, சிபியூ, மெமரி, டிஸ்க் எல்லாம் பச்சை. ஆனால் முந்தைய இரவு 11 மணியிலிருந்து ஒரு மின்னஞ்சல்கூட வெளியே போகவில்லை. அனுப்பும் ப்ரோக்ராம் நின்றுபோக, டேபிளில் அனுப்பாத மின்னஞ்சல்களின் வரிசைகள் (row) குவிந்துகொண்டே இருந்தன. வாடிக்கையாளர் கேட்டபிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. ஒரே ஒரு க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) காவலுக்கு இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் பிடித்திருக்கலாம். அதே க்வெரியைப் போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) என்ற டேட்டாபேஸில் எழுதிப் பார்ப்போம்.

படி 1: கேள்வியை முதலில் தமிழில் எழுதுங்கள்

"எத்தனை மின்னஞ்சல் காத்திருக்கிறது?" என்றுதான் எல்லோரும் தொடங்குவோம். அது ஏமாற்றும். ஒரே நேரத்தில் 5,000 மின்னஞ்சல் சேர்ந்து 2 நிமிடத்தில் தீர்ந்துவிட்டால் பிரச்சினையே இல்லை. நள்ளிரவில் வெறும் 3 மின்னஞ்சல் 6 மணி நேரமாகக் கிடந்தால் அது கோளாறு. ஆகவே கேள்வி இப்படி இருக்கட்டும்: "காத்திருப்பவற்றில் மிகப் பழையது எத்தனை நிமிடமாகக் கிடக்கிறது?"

படி 2: தனி யூசர்

அட்மின் கணக்கை இதற்குத் தராதீர்கள். புதிய யூசர் ஒன்றை உருவாக்கி, அந்த டேபிளைப் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். டேட்டாபேஸின் உள் புள்ளிவிவரங்களையும் பார்க்க வேண்டுமானால், போஸ்ட்கிரெஸ் 10 முதல் 'பிஜி_மானிட்டர்' (pg_monitor) என்ற ரோல், அதாவது தயாராக உள்ள உரிமைத் தொகுப்பு, இருக்கிறது. அப்புறம், அந்த யூசருக்கு 'ஸ்டேட்மென்ட் டைம்அவுட்' (statement_timeout, ஒரு க்வெரி ஓடக்கூடிய அதிகபட்ச நேரம்) 5 வினாடி வையுங்கள். இதை விட்டுவிட்டால், டேட்டாபேஸ் திணறும் நேரத்தில் நிமிடத்துக்கு ஒரு செக் (இந்தக் க்வெரியை ஓட்டும் சோதனை) போய் ஒன்றின்மேல் ஒன்றாகத் தேங்கி, காவல்காரரே பாரமாகிவிடுவார்.

படி 3: க்வெரி

நிலை 'காத்திருப்பு' என்றுள்ள வரிசைகளை வடிகட்டி, உருவான நேரத்துக்கு 'மின்' (MIN, மிகச் சிறிய மதிப்பு) போட்டு, அதை 'நவ்' (now, இப்போதைய) நேரத்திலிருந்து கழித்து நிமிடமாக்குங்கள். நேரத்தை டேட்டாபேஸிடமே கேளுங்கள். வேறு மெஷினின் கடிகாரம் 4 நிமிடம் தள்ளியிருந்தால் கணக்கும் அவ்வளவு தள்ளிப்போகும்.

இங்கே ஒரு குழி. எதுவுமே காத்திருக்காதபோது 'மின்' பூஜ்யம் தராது, 'நல்' (NULL, மதிப்பே இல்லை) தரும். க்வெரியை ஓட்டும் ஸ்கிரிப்ட் அதை எண்ணாக மாற்றப் போய், எல்லாம் நன்றாக இருக்கும் நேரத்தில் விழுந்துவிடும். முழு கணக்கையும் 'கோஅலெஸ்' (COALESCE) உள்ளே போட்டு, 'நல்' வந்தால் 0 என்று சொல்லிவிடுங்கள்.

எழுதி முடித்ததும், க்வெரி எப்படி ஓடும் என்று காட்டும் 'எக்ஸ்ப்ளெயின்' (EXPLAIN) போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை முழு டேபிளையும் படிக்கிறதென்றால், காத்திருக்கும் வரிசைகளுக்கு மட்டும் ஒரு பார்ஷியல் இண்டெக்ஸ் (டேபிளின் ஒரு பகுதிக்கு மட்டுமான தேடல் அட்டவணை) போதும்.

படி 4: எப்போது மணி அடிக்க வேண்டும்?

நாகியோஸ் (Nagios) வகைக் கண்காணிப்புக் கருவிகள் ஸ்கிரிப்டின் எக்ஸிட் கோடை (முடியும்போது அது திருப்பித் தரும் எண்ணை) பார்க்கும்: 0 நலம், 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியவில்லை. ஒரு வாரம் எண்களைச் சேர்த்துப் பார்த்துவிட்டு வரம்பு வையுங்கள். எங்களுக்கு 10 நிமிடம் எச்சரிக்கை, 30 நிமிடம் ஆபத்து. இணைப்பே கிடைக்கவில்லை, க்வெரி பாதியில் நின்றது என்றால் 3 போகட்டும். எந்தச் சூழலிலும் 0 போகக் கூடாது. தோல்வியைப் பச்சையாகக் காட்டும் செக், செக்கே இல்லாததைவிட மோசம்.

படி 5: வேண்டுமென்றே உடையுங்கள்

டெஸ்ட் சூழலில் 40 நிமிடத்துக்கு முந்தைய நேரம் போட்டு ஒரு வரிசையைச் சேருங்கள். மணி அடிக்கிறதா? போனுக்குச் செய்தி வருகிறதா? பிறகு பாஸ்வேர்டைத் தப்பாகக் கொடுத்து, 3 வருகிறதா என்று பாருங்கள்.

வந்த செய்தியை, தூக்கத்தில் எழுப்பப்பட்டவர் கண்ணால் ஒருமுறை படியுங்கள். "க்வெரி செக் ஃபெயில்" என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. "அனுப்பாத மின்னஞ்சல் 212, பழையது 34 நிமிடம்; அனுப்பும் ப்ரோக்ராமைப் பாருங்கள்" என்று இருந்தால் எழுந்த உடனே எங்கே போவது என்று தெரியும்.